கீழே உட்காருகிறவள்

ஊசியில் நூல் கோக்கும்போது எச்சில் தொடாதே என்று உன் அம்மாவிடம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன், கேட்டதே இல்லை. ஊசி துருப்பிடிக்கும், துணியில் கறை விழும். நீயும் இப்போது அதையேதான் செய்தாய். நூலைப் போலச் சேலை, தாயைப் போலப் பிள்ளை என்று சும்மாவா சொன்னார்கள். பரவாயில்லை, உட்கார். நீ கேட்டதற்குப் பெரியம்மா பதில் சொல்கிறேன். தைத்துக்கொண்டே கேள்.

நீ கேட்டது நியாயமான கேள்விதான். உன் அம்மா கண்ணை மூடிய அன்று மதியம் அவள் உனக்குப் போனில் ஒரு படம் அனுப்பினாள். இந்தத் துணியில் செம்பருத்தியின் மற்ற இதழ்கள் எல்லாம் சிவப்பாக நிரம்பி, கடைசி இதழ் மட்டும் வெறும் கோடாக இருந்த படம். அவள் படம் எடுக்கும்போதே நான் கடைக்குக் கிளம்பிவிட்டதாகவும், திரும்பி வந்து பார்த்தால் அவள் நாற்காலியில் சாய்ந்து கிடந்ததாகவும் டாக்டரிடம் சொன்னேன். உன்னிடமும் அதையே சொன்னேன். இன்று நீ துணியைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "பெரியம்மா, இந்தக் கடைசி இதழ முடிச்சது யாரு? நூல் வாலை மடிச்சு ரெண்டு தடவை செருகறது நீங்க மட்டும்தானே?" என்று கேட்டாய்.

ஆமாம், நான் மட்டும்தான். தொங்குகிற நூலை அப்படியே விட்டுவிட்டு எழுந்திருக்க என் கை ஒப்பாது. அவ்வளவு நிதானமாக எல்லாவற்றையும் யோசித்தவளுக்கு அந்த நூல் வால் மட்டும் தோன்றவில்லை. யானைக்கும் அடி சறுக்கும்.

நாங்கள் யாருக்கும் விற்பதற்காகத் தைத்ததில்லை, பொழுதுபோக்குத்தான். விடுமுறை நாள் மதியங்களில் சட்டத்தில் துணியை இழுத்துக் கட்டி ஜன்னலோரம் போடுவோம். அவள் மேலே நாற்காலியில், நான் கீழே குட்டை ஸ்டூலில், என் தலைக்கு மேல் துணி. அவள் ஊசியை இறக்குவாள். நான் வாங்கி, நூலை இழுத்து, வெளிச்சத்தில் தெரிகிற கோட்டைப் பார்த்துத் திரும்ப மேலே அனுப்புவேன். நூல் தீர்ந்தால் வாலைச் செருகி முடிக்கிற வேலை கீழே இருப்பவளுடையது. வருகிறவர்கள் எல்லாம் மேல்பக்கத்தைப் பார்த்து அவளைப் பாராட்டிவிட்டுப் போவார்கள். அதில் எனக்கு வருத்தமே கிடையாது. கீழே இருந்தால் மேலே இருக்கிறவளின் முகம் தெரியாது, நிழல் மட்டும் துணியில் விழும். ஒரு நிழல் இருக்கிறது என்பதே எனக்குப் போதும். இப்போது உன் நிழல் விழுகிறதே, அந்த மாதிரி.

எனக்குப் பயம் அதிகம். சின்ன வயதிலிருந்தே உன் அம்மா என்னைப் பயந்தாங்கொள்ளி என்றுதான் கூப்பிடுவாள். வீட்டில் தனியாக இருந்தால் குழாய் சொட்டுவது காலடிச் சத்தமாகக் கேட்கும். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள், எனக்கு இருட்டக்கூட வேண்டாம், பட்டப்பகலே போதும். அவள் குளிக்கப் போனால் நான் கதவுக்கு வெளியே நின்று ஏதாவது பேசிக்கொண்டே இருப்பேன். பதில் வர ஒரு நொடி தாமதமானால் கதவைத் தட்ட ஆரம்பித்துவிடுவேன். உன் அப்பா போன பிறகு அவள் உன்னைத் தூக்கிக்கொண்டு இங்கே வந்தபோது, தங்கைக்கு அக்கா அடைக்கலம் கொடுத்தாள் என்று ஊரெல்லாம் என்னைப் புகழ்ந்தது. அடைக்கலம் கிடைத்தது எனக்குத்தான்.

பிறகு நீ புது வீடு வாங்கினாய். உன் அம்மா உன்னோடு வந்து இருக்கட்டும் என்றாய். பெரியம்மா எப்ப வேணா வந்து பாக்கலாமே என்றும் சொன்னாய். உன்னைக் குறை சொல்லவில்லை. இந்தத் துணியே உன் சாப்பாட்டு மேஜைக்காக அவள் ஆரம்பித்ததுதான். அவள் என்னைவிட்டுப் போவதற்கான துணியை நானே கீழே உட்கார்ந்து, ஊசி ஊசியாக வாங்கித் தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். கடைசி இதழ் நிரம்பினால் அவள் பெட்டி கட்டுவாள்.

அதனால் அன்று அவள் கை கழுவப் போனபோது அவளுடைய இன்ஹேலரை எடுத்து நூல் டப்பாவில் போட்டேன். அந்தப் பழைய பிஸ்கட் டப்பா. நீகூடச் சின்ன வயதில் பிஸ்கட் என்று ஆசையாகத் திறந்து, நூல் கண்டைப் பார்த்து அழுதிருக்கிறாய்.

கோபம் வந்தால் அவளுக்கு இழுப்பு வரும் என்பது எனக்குத் தெரியாததா. போகாதே என்று ஆரம்பித்தேன். "எத்தனை நாளைக்குத்தான்க்கா உன் பயத்துக்கு நான் காவல் இருக்கறது? எனக்கும் ஒரு வாழ்க்கை வேணாமா?" என்றாள். நான் விடவில்லை, உன்னைப் பற்றி இல்லாததும் பொல்லாததும் சொன்னேன். அவளுக்குக் குரல் உயர்ந்தது, பிறகு கம்மியது. ஊசி தாமதமாக இறங்க ஆரம்பித்தது.

"அக்கா, இன்ஹேலர் எங்க? இங்கதானே வெச்சேன்."

"நல்லாத் தேடுடி, அங்கதான் இருக்கும்."

துணியில் அவள் நிழல் குனிந்து குனிந்து நிமிர்ந்தது. நாற்காலி நகர்ந்தது. டப்பா என் மடியில் இருந்தது. ஒரு கை நீட்டினால் போதும்.

"பயமா இருக்குக்கா" என்றாள். வாழ்நாளில் முதல் தடவையாக அவள் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்தது. ஒன்று சொன்னால் நீ நம்பமாட்டாய். அந்த நிமிஷம் எனக்குப் பயமே இல்லை. உடம்பு பஞ்சு போல லேசாக இருந்தது. பயம் முழுவதும் மேலே போய்விட்டது.

நான் கேட்டது ஒரே ஒரு வார்த்தை. போகமாட்டேன் என்று அவள் சொல்லியிருந்தால் கொடுத்திருப்பேன். அவள் அழுத்தக்காரி, உனக்கே தெரியும்.

பிறகு ஊசியை மேலே அனுப்பினேன். அது அப்படியே நின்றது, வாங்க ஆள் இல்லை. நான் எழுந்து, ஒரு கை மேலேயும் ஒரு கை கீழேயுமாக மீதியை நிரப்பினேன். அவள் தலை சட்டத்தின் ஓரத்தில் இருந்ததால் கொஞ்சம் நகர்த்த வேண்டியிருந்தது. வாலைச் செருகி, நூலை வெட்டி, இன்ஹேலரை அவள் மடியில் வைத்துவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன்.

அதற்குப் பிறகு வந்த பயத்தை என்னவென்று சொல்வது. மதியமானால் இந்த ஸ்டூலில் உட்கார்ந்து துணியையே பார்த்துக்கொண்டிருப்பேன். மேலிருந்து ஊசி இறங்கிவிடுமோ என்று ஒரு பயம், இறங்கவே இறங்காதோ என்று அதைவிடப் பெரிய பயம். காரியம் முடிந்தும் நீ கிளம்பாமல், அம்மா கோடு போட்டுவிட்டுப் போன ஓரக் கொடியையும் முடிக்கலாம் பெரியம்மா என்று வந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்தாய். முதல் ஊசி இறங்கியபோது நான் கீழே சத்தமில்லாமல் அழுதேன். நிம்மதி, கண்ணு. இவ்வளவு காலத்தில் அப்படி ஒரு நிம்மதி இல்லை.

இன்று காலையில் நீயும் ஊருக்குப் போக வேண்டும் என்றாய்.

ஏன் ஊசி வரவில்லை? உன் நிழல் ஆடுகிறதே. உனக்கும் அதே இழுப்புத்தான், அந்தக் குடும்பச் சொத்து உனக்கு மட்டும் வராமல் போகுமா. பதறாதே, பதறினால் இன்னும் இழுக்கும். கைப்பையில் தேடாதே, அதில் இல்லை. வாசல் கதவையும் பூட்டித்தான் வைத்திருக்கிறேன், எனக்குத் திறந்த கதவு என்றால் பயம். டப்பா என் மடியில் பத்திரமாக இருக்கிறது.

ஒன்றும் பெரிதாகக் கேட்கவில்லை. போகமாட்டேன் என்று ஒரு வார்த்தை சொல், உடனே கொடுத்துவிடுகிறேன்.

உன் அம்மாவும் சொன்னாள். "எங்கயும் போகலக்கா" என்று எனக்கு நன்றாகக் கேட்டது. ஆனால் அப்போது இதழ் பாதியில் இருந்தது, நூல் தொங்கிக்கொண்டிருந்தது.