எடுக்காத வரி

பிள்ளைகளா, இன்று இந்த அரபு நாட்டில் அல் குசைஸ் போகும் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் ஓர் அம்மாவும் பள்ளிக்கூட மகளும் பேசிக்கொண்டு வந்தார்கள். மகள் 'என் அப்பா' என்ற கட்டுரையைத் திருத்திக்கொண்டிருந்தாள்.

"டீச்சர் சொன்ன மாதிரி ஆரம்பத்த நாலு தடவ மாத்திட்டேம்மா. எரிச்சலாத்தான் இருந்துச்சு. ஆனா இப்ப நல்லாருக்கு."

"அப்படியே அப்பா கக்கூஸ் தண்ணி டேங்கர் ஓட்டுகாருங்கற வரியையும் எடுத்துரு மக்களே. கிளாஸ்ல வாசிச்சா பிள்ளைய சிரிக்கும்."

"சிரிக்கட்டும். அந்த நாத்தம் அவங்க வீட்டுது, எங்கப்பாவோடது இல்ல. அத எடுக்க மாட்டேன்."



உங்களுக்காக எழுதும் இந்த நோட்டின் முதல் பக்கத்தில் 'அப்பா இங்கே சூப்பர்வைசர்' என்று எழுதியிருந்தேன். ரூமில் யாரும் இல்லாதபோது அதை அடித்துவிட்டு, 'கட்டட சைட்டில் சாரம் கட்டுகிறேன்' என்று எழுதினேன்.