பிள்ளைக்கு விட்ட இடம்

பேய் ராத்திரியில்தான் வரும் என்று யார் சொன்னது? இது நடந்ததெல்லாம் உச்சி வெயிலில். கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள்... விளக்கு அப்படியே இருக்கட்டும்.

நம் செல்வதாஸ் இருக்கிறான் அல்லவா, அவனுடைய அப்பாவுக்குச் சித்தப்பா முறை. பெயர் ஜெபசீலன். கொட்டாரத்தில் மிஷன் பள்ளிக்கூட வாத்தியார். அப்போது இருபத்தெட்டு வயது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தொன்று, மாசி மாதம், ஒரு சனிக்கிழமை. பகல் பன்னிரண்டரை மணி. கொட்டாரத்திலிருந்து வட்டக்கோட்டைக்குப் போகிற மணல் தடத்தில் ஜெபசீலன் தனியாக நடந்துகொண்டிருந்தார். இரண்டு பக்கமும் பனை. ஆள் இல்லை, ஆடுகூட இல்லை. நிழல் காலடிக்குள் சுருண்டு கிடந்தது. காய்ந்த ஓலைகள் உரசும் சத்தம்... அது நின்றால் கடல்.

அவர் மனைவி தேவகனி இறந்து மூன்று மாதம். அருமனையில், தாய்வீட்டில், ஒரு பெண்பிள்ளையைப் பெற்ற ஒன்பதாம் நாள் காய்ச்சலில் போனாள். அடக்கத்தில் ஜெபசீலன் அழவில்லை. நாலாம் நாள் பள்ளிக்கூடம் வந்து வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தார். சோறு வைத்தால் தின்றார். வைக்காவிட்டால் கேட்கவில்லை. குழந்தை அருமனையிலேயே, தேவகனியின் தங்கை ராகேலின் கையில் வளர்ந்தது.

படம் வரைய வைப்பதும் அவர் எண்ணம் இல்லை. மாமனார் தேவகுமார்தான் சொன்னார்.

"அவ போட்டோ ஒண்ணுகூட இல்ல மாப்பிள. பிள்ளை வளந்து, எங்கம்மை எப்படி இருப்பான்னு கேட்டா எதைக் காட்டுவீரு?"

அதனால்தான் அந்த நடை.

நாராயணபெருமாளின் வீடு கோட்டை மதிலுக்குத் தெற்கே ஒற்றையாக நின்றது. திருவனந்தபுரத்தில் ஒரு ஸ்டூடியோவில் பல வருஷம் வரைந்தவர். முதலாளியோடு ஒத்துப்போகாமல் தனியாக வந்துவிட்டார். கேட்டு வருகிறவர்களுக்கு மட்டும் வரைவார். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். அறை முழுக்கச் சாயம் குழைக்கும் ஆளிவிதை எண்ணெயின் வாடை. சுவரோரம் பாதி முடிந்த படங்கள். மீசை வைத்த ஒரு பண்ணையார். கடற்கரைக் கோயிலுக்கு ஒரு மாதா. தவழும் கிருஷ்ணன்.

"நின்னமாதிரியா, இருந்தமாதிரியா?" என்று கேட்டார்.

"எப்படியும் ஆகட்டும்."

"சேலை?"

"பச்சைக் கரை."

"முகம் எப்படியாக்கும்? நீளமா, உருண்டையா?"

ஜெபசீலன் வாயைத் திறந்தார். நான்கு வருஷம் ஒரே வீட்டில் இருந்தவள். கண்ணை மூடிப் பார்த்தார்... ஒன்றும் இல்லை. அதற்காக வருத்தமும் இல்லை. கால் மரத்துப்போனால் கிள்ளிப் பார்ப்போமே, அப்படித் தன்னையே கிள்ளிப் பார்த்துக்கொண்டு இருந்தார்.

நாராயணபெருமாள் அவரை வற்புறுத்தவில்லை. "அவிய சாயல்ல ஆரும் உண்டா?"

"தங்கச்சி உண்டு. ராகேல். அச்சு ஒண்ணுபோல இருப்பா."

"அவியளை அனுப்பும் வாத்தியாரே. ஆறு நாள், இந்த வெளிச்சம் இருக்க நேரத்துல வந்து இருந்தாப் போதும். கண்ணால காணாத எதையும் நான் வரைய மாட்டேன்."

ஜெபசீலன் திரும்பி வந்து ராகேலுக்கு ஒரு கடிதம் போட்டார். கொட்டாரத்தில் அவளுக்கு ஒரு சித்தி இருந்தாள். அங்கே தங்கி, ஆறு நாள் ஓவியரிடம் போய்வரச் சொல்லி எழுதினார். அதோடு மறந்தார். வந்தாளா என்று விசாரிக்கக்கூட இல்லை.

பங்குனிக் கடைசியில் ஆள் வந்தது. படம் ஒரு இடம் தவிர முடிந்துவிட்டது, வந்து பார்க்கவும்.

போனார். அதே நேரம், அதே வெயில். நாராயணபெருமாள் துணியை விலக்கினார்.

தேவகனி.

சாயல் இல்லை. அவளேதான். இடது காதுக்குக் கீழே மச்சம். அது அவளுக்கு இருந்ததே அப்போதுதான் அவருக்கு ஞாபகம் வந்தது. தலையைக் குனிந்து, மடியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இரண்டு கையும் வளைந்து எதையோ ஏந்தியிருந்தன. ஏந்திய இடத்தில் மட்டும் சாயம் இல்லை. வெள்ளைப் பூச்சு பூசிய வெறும் துணி. ஒரு கைப்பிள்ளை அளவுக்கு.

"ஆறு நாளும் வந்தாவ," என்றார் நாராயணபெருமாள். "ஒரு பேச்சு இல்ல. குடிக்கத் தண்ணி தந்தேன், வேண்டாம்னாவ. கடைசி நாள் எழும்பும்போதுதான் வாயைத் தொறந்தாவ. பிள்ளைக்கு இடம் விட்டு வையுங்க, அவரு கொண்டு தருவாருன்னு."

"ராகேலா சொன்னா?"

"வந்தது அவியதானே."

பிள்ளையைக் கொண்டுவருகிறேன் என்று சொல்லிவிட்டு ஜெபசீலன் வீட்டுக்கு வந்தார். திண்ணைப் படியில் செருப்பைக் கழற்றும்போது அஞ்சல்காரன் கடிதத்தைத் தந்தான். ராகேல் எழுதியிருந்தாள்.

'அன்புள்ள அத்தானுக்கு. நீங்கள் எழுதியபடி வர முடியாததற்கு மன்னிக்கவும். பிள்ளைக்கு ஒரு மாதமாக உடம்பு சரியில்லை. ஒரு நாள்கூட என்னால் நகர முடியவில்லை. இப்போது காய்ச்சலும் கூடியிருக்கிறது. பால் குடிக்கிறாள் இல்லை. சாயங்காலம் ஆனால் யாரோ தூக்க வந்தது மாதிரி கையை நீட்டுகிறாள்...'

ஜெபசீலன் கடிதத்தை இரண்டு தரம் படித்தார்.

தேவகனி சாவதற்கு முந்தின ராத்திரி மூன்று தரம் கேட்டாள். "பிள்ளையை ஒருக்கா தாருங்க." காய்ச்சல் ஒட்டிக்கொள்ளும் என்று எல்லாரும் தடுத்தார்கள். அவரும், "விடிஞ்சு பாக்கலாம்" என்றார். விடியும்போது அவள் இல்லை.

அதை நினைத்தும் அவருக்கு அழுகை வரவில்லை. ஒன்று மட்டும் தெளிவாகத் தெரிந்தது. அந்த இடம் காலியாக இருக்கக் கூடாது.

கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, அந்த வெயிலிலேயே திரும்ப வட்டக்கோட்டைக்கு நடந்தார்.

"அண்ணாச்சி, அந்த இடத்தை அடைச்சிருங்க."

"எதை வச்சு அடைக்க? பிள்ளையைக் கொண்டாரும்."

"பிள்ளை வராது. ஒரு துணி, ஒரு புஸ்தகம், எதாவது போடுங்க."

நாராயணபெருமாள் படத்தைப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். "இது பிள்ளையைப் பிடிக்க கை. இதுல புஸ்தகம் நிக்காது." உள்ளே தொட்டில் ஆடும் சத்தம்... கிரீச், கிரீச். "மக வந்திருக்கா. பேரனுக்கு ஆறு மாசம். அவனைப் பாத்துப் போட்டிரட்டா?"

ஜெபசீலனின் நெஞ்சுக்கு மேல் அந்தக் கடிதம் இருந்தது. எடுத்துக் காட்டியிருக்கலாம். வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பக்கத்து ஊர்ப் பெண் யாரோ வந்திருப்பாள், எனக்கு என்ன தெரியும் என்று தனக்குள்ளே சொல்லிக்கொண்டார். தொட்டில் ஆடுவதைக் கேட்டுக்கொண்டே நின்றார்.

"சரி," என்றார்.

எட்டாம் நாள் வண்டிக்காரன் கோலப்பன் படத்தைச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்தான். அன்று காலையில்தான் அருமனையிலிருந்து மாமனாரின் கடிதம் வந்திருந்தது. செவ்வாய்க்கிழமை மத்தியானம் பிள்ளைக்குக் காய்ச்சல் தானாக விட்டதாம். பால் குடித்துவிட்டுச் சிரித்தாளாம்.

கோலப்பன் படத்தை இறக்கிச் சுவரில் சாய்த்தான். அவள் மடியில் ஒரு ஆண்பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது. இடுப்பில் கறுப்புக் கயிறு.

"மீதித் துட்டு?" என்று ஜெபசீலன் கேட்டார்.

"அவரு இப்போ அதைக் கேக்க நிலையில இல்ல சாரே. பேரன் போயிட்டான். தொட்டில்ல ஒறங்கினது எழும்பல்ல."

"என்னைக்கு?"

"செவ்வாக்கிழமை. மத்தியானம்."

ஜெபசீலன் அவனுக்குக் குடிக்க மோர் கொடுத்து அனுப்பினார். படத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தார். மறுநாள் பள்ளிக்கூடம் போனார்.

பதினாறு நாள் கழித்து நாராயணபெருமாள் வந்தார். உச்சிப்பொழுது. கையில் சாயப்பெட்டி. முகம் சவரம் செய்யாமல் இருந்தது. ஜெபசீலன் எழுந்து நின்றார். அடிப்பார் என்று நினைத்தார். அடித்தால் நல்லது என்றுகூட நினைத்தார்.

"நான் ஒண்ணும் கேக்க வரல்ல," என்றார் அவர். "அவனை மட்டும் எடுத்துட்டுப் போறேன்."

படத்தைத் திருப்பி, நாற்காலியில் நிறுத்தினார். சாயத்தை இளக்கும் டர்பன்டைனில் துணியை நனைத்துப் பிள்ளையின் மேல் ஒற்றினார். பிறகு தட்டையான கத்தியை எடுத்தார். சரக்... சரக்... முதலில் கால் போனது. வயிறு. கை. சுரண்டி எடுத்த சாயத்தை ஒரு வாழையிலைத் துண்டில் சேர்த்து வைத்துக்கொண்டே வந்தார். முகத்துக்கு வந்ததும் கத்தி நின்றது. வெளியே காக்கை கத்தி ஓய்ந்தது. பிறகு மறுபடியும்... சரக்.

முடித்துவிட்டுத் துணியால் துடைத்தார். துடைத்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

அடியில் வெள்ளைத் துணி வரவில்லை.

அங்கே தேவகனியின் மார்பு இருந்தது. பச்சைக் கரைச் சேலையின் மடிப்பு இருந்தது. வளைந்து ஏந்தியிருந்த கைகள் இப்போது மார்போடு சேர்ந்து இறுக மூடியிருந்தன. விரலுக்குள் விரல் கோத்து. நடுவில் இடமே இல்லை. சாயம் நன்றாகக் காய்ந்திருந்தது, பல மாதம் ஆனதுபோல.

"இதை நான் வரையல்ல," என்றார் நாராயணபெருமாள்.

அப்போதுதான் ஜெபசீலனுக்கு நெஞ்சுக்குள் ஏதோ அசைந்தது. மனைவி செத்த நாளுக்குப் பிறகு முதல்முதலாக. அது துக்கம் இல்லை. பயமும் இல்லை. என் பிள்ளைக்கு இனி அங்கே இடம் இல்லை என்ற நிம்மதி. அது அவர் முகத்தில் தெரிந்திருக்க வேண்டும். கிழவர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு படத்தின் பக்கம் திரும்பினார். சேலையில், மார்புக்கு நேரே ஒரு இடம் மட்டும் ஈரமாக மினுங்கியது. ஒரு விரலால் அதைத் தொட்டார். மூக்குக்குக் கொண்டுபோய் முகர்ந்தார். அந்த விரலை அப்படியே ஜெபசீலனின் முகத்துக்கு நேரே நீட்டினார்.

எண்ணெய் வாடை இல்லை... டர்பன்டைன் இல்லை.

பால் மணம்.