கதவுக்குப் பின்னால் தொங்கும் கறுப்புக் கோட்டு

மண்ணியல் துறைப் பேராசிரியர் அம்மையாரின் பணி நிறைவு விழாவில் துறையினர் வாசித்து வழங்கும் பாராட்டு மடல்

மண்ணை அளந்த மாண்புடையீர்! மாணவர் மனத்தையும் உடன் அளந்த மதியுடையீர்! கேள்வி கேட்டே எங்களைக் கலங்கடித்து, கலங்கியபின் தேநீர் வாங்கித் தந்து தேற்றிய தகைமையீர்! வணக்கம்.

இந்த மடலின் முதல் வரைவில் "தன்னலம் துறந்த தியாகச் சுடரே" என்றொரு விளி இருந்தது. அதை அடித்துவிட்டோம். ஏன் அடித்தோம் என்பதைச் சொல்லவே மீதி மடல்.

முப்பது ஆண்டுகளுக்கு மேல் இங்கே பணியாற்றினீர்கள். ஈரமண் உலரும் தட்டுகளும், சல்லடை அதிரும் ஓசையும், மழை பெய்யும்போது மட்டும் மூட மறுக்கும் சன்னலும் கொண்ட அந்த நீள அறைக்கு உங்கள் காலடி ஓசை தெரியும். வகுப்பில் பிசகாத தெளிவு, ஆய்வகத்தில் அசராத பொறுமை, கூட்டங்களில் அடக்க முடியாத கொட்டாவி. மூன்றும் உங்கள் சிறப்புகள்.

மூன்றாம் ஆண்டில் மறுநியமனம். ஆறாம் ஆண்டில் பணி நிரந்தரம். பிறகு பதவி உயர்வு. ஆறு ஆண்டுக்கு ஒருமுறை, வகுப்புகளை விட்டுவிட்டு எழுதவும் ஆராயவும் ஓராண்டு ஆய்வு விடுப்பு. விதிப்புத்தகத்தில் இவை நான்கு பத்திகள். எங்களுக்கு நான்கு காய்ச்சல்கள். அதற்கு நீங்கள் கண்ட மருந்துதான் பொய்க்குழு. தேர்வுக் குழுவின் முன் போகவிருக்கும் எவரும் அதற்கு முந்தைய வாரம் நம் கூட்ட அறையில் நம்மவர் முன் உட்கார வேண்டும். தேர்வுக் குழுவுக்கு வெளியூரிலிருந்து வந்த உறுப்பினர் ஒருவர் என்றோ மறந்து விட்டுப்போன கறுப்புக் கோட்டு, கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கும். அவர் அதைக் கேட்டு எழுதவும் இல்லை, நாம் அனுப்பி வைக்கவும் இல்லை. அதை மாட்டிக்கொள்பவர் அன்றைக்கு நமக்கு நண்பர் அல்லர். விண்ணப்பத்தில் உள்ளது தவிர அவருக்கு எதுவும் தெரியாது. கோட்டைக் கழற்றியபின், உள்ளே நடந்ததை யாரும் வெளியே பேசக்கூடாது. இந்தப் பேசாமை விதியை இன்று மீறுகிறோம், சம்பந்தப்பட்ட இருவரிடமும் கேட்டுக்கொண்டுதான்.

பெரும்பாலும் கோட்டு உங்கள் தோளில்தான் ஏறும். உங்களுக்கு அது பெரிது. விரல் நுனிவரை கை மூடிக்கொள்ளும். பார்க்கச் சிரிப்பு வரும். முதல் கேள்வியோடு அது போய்விடும்.

சம்பந்தப்பட்ட இன்னொருவர் நம் துறையின் இளைய ஆசிரியர். பேசினால் ஒரு சொல், அதோடு நிறுத்திவிடுவார் என்பதால் சேர்ந்த புதிதிலேயே அவருக்கு 'முற்றுப்புள்ளி' என்று பெயர் வைத்தோம். இரண்டாம் ஆண்டில் அவருடைய மனைவி சிறு நோயில் விழுந்து இறந்துபோனார். அதன்பின் அந்தப் பட்டப்பெயரைச் சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை. நீங்கள் மட்டும் சொல்லிக்கொண்டிருந்தீர்கள். அது அவருக்குப் பிடித்திருந்தது. தன்னிடம் எதுவும் மாறாதது போலப் பேச ஓர் ஆளாவது இருந்தார்.

அவர் விடுப்பு கேட்கவில்லை. வகுப்புகள் எடுத்தார். தாள்கள் திருத்தினார். வயலுக்கு மட்டும் போகவில்லை. முன்பெல்லாம் மாதம் தவறாமல் இருசக்கர வண்டியில் போய் மண்ணில் ஈரம் அளந்து வருவார். மண்ணைத் துளைத்தெடுக்கும் ஆள் உயரத் துளைப்பானைப் பின்னிருக்கையில் நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு வந்தவர் மனைவிதான். அவர் போனபின் ஈர அளவு வரைபடத்தில் பத்து மாதம் வெறுமை. பிறகு பல்கலைக்கழக வளாகத்துக்குள்ளேயே ஒரு துண்டு நிலத்தில் அளக்கத் தொடங்கினார். நடந்தே போய்விடலாம்.

மறுநியமனம் வந்தது. பொய்க்குழுவில் நீங்கள் கோட்டுக்குள் இருந்தீர்கள்.

"இந்தப் பத்து மாசம் ஏன் ஒண்ணுமே இல்ல?"

"கருவி பழுது."

"எந்தக் கருவி?"

"ஈரமானி."

"துறையில ரெண்டு ஈரமானி இருக்கே. இன்னொண்ணு?"

"அதுவும்."

"ரெண்டும் பேசிவெச்சு ஒண்ணாக் கெட்டுப்போச்சா?"

இரண்டு ஈரமானிகளையும் நாள்தோறும் துடைத்து வைக்கும் ஆய்வக அக்கா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எங்களில் ஒருவர் உங்களைத் தடுக்க எழுந்து, கோட்டைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார்.

"கருவிக்கு ஒண்ணும் ஆகல," என்றார் இளையவர். "என் மனைவி இறந்துட்டாங்க. நான் வயலுக்குப் போகல."

அதுவரை 'அவங்க இல்ல' என்றுதான் சொல்லிவந்தார். 'இறந்துட்டாங்க' என்பதை வாய்விட்டுச் சொன்னது அன்றுதான். சொன்னபின்னும் மேசை மேசையாக இருந்தது, மின்விசிறி சுற்றியது. அது அவருக்கு வியப்பாக இருந்தது.

"சரி," என்றீர்கள். "அடுத்த கேள்வி."

உண்மைக் குழுவும் அதையே கேட்டது. அவரும் அதையே சொன்னார். மறுநியமனம் கிடைத்தது.

அதற்கு அடுத்த ஆண்டு உங்கள் முறை. இணைப் பேராசிரியராக நெடுங்காலம் இருந்துவிட்டீர்கள். பேராசிரியர் பதவிக்கு விண்ணப்பித்தீர்கள். அப்போது நாங்கள் ஒரு பிழை செய்தோம். உங்களுக்கு எதிரே கோட்டைப் போட எங்களில் யாருக்கும் நெஞ்சு வரவில்லை. கடைசியில் துறையின் துணைத்தலைவர் போட்டுக்கொண்டு, தொண்டையைச் செருமி, இப்படிக் கேட்டார்:

"மேடம், எங்களுக்காக இவ்வளவு தியாகம் பண்ண உங்களால எப்படி முடிஞ்சுது?"

"இது கேள்வியா, மாலையா?" என்றார் ஆய்வக அக்கா.

நாங்கள் அதைக் காதில் வாங்கவில்லை. ஒரு மணி நேரம் மாறி மாறி உங்களைப் புகழ்ந்தோம். எங்கள் வகுப்புகளை நீங்கள் சுமந்ததை, எங்களுக்காக உங்கள் ஆய்வு விடுப்பைத் திரும்பத் திரும்பத் தள்ளிப்போட்டதை எல்லாம் சொல்லிச் சொல்லி நாங்களே உருகினோம். உண்மைக் குழுவில் யாரும் உருகவில்லை. இத்தனை ஆண்டாக வருகிறது என்று சொல்லும் புத்தகம் எங்கே என்று கேட்டார்கள். பதவி உயர்வு இல்லை என்று வந்துவிட்டது.

"இணைப் பேராசிரியராவே வீட்டுக்குப் போறேன். அதனால என்ன குறைஞ்சுபோச்சு?" என்றீர்கள். இனி விண்ணப்பிப்பதில்லை என்றும் சொல்லிவிட்டீர்கள். குறைந்துதான் போயிற்று. நீங்கள் கூட்டங்களில் கொட்டாவி விடுவதை நிறுத்தினீர்கள். கேள்வி கேட்பதையும் நிறுத்தினீர்கள்.

ஆய்வு விடுப்பு எடுப்பவர் திரும்பி வந்து குறைந்தது ஓராண்டு பணி செய்தாக வேண்டும் என்பது விதி. உங்களுக்கு மிச்சம் இருந்த காலத்தில் அந்த ஆண்டை விட்டால் விடுப்பு இல்லை, புத்தகம் இல்லை, பதவியும் இல்லை. இதை நாங்கள் எல்லோரும் கணக்குப் போட்டோம். யாரும் உங்களிடம் சொல்லவில்லை.

ஒரு பிற்பகல் முற்றுப்புள்ளி கோட்டை மாட்டிக்கொண்டு உங்கள் அறைக்குள் வந்தார். அவருக்கு அது தோளில் இறுக்கம். அக்கா அங்கே மண் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தார். அவர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும்.

"என்னப்பா முற்றுப்புள்ளி, யாருக்கு ஒத்திகை?"

"உங்களுக்கு."

"நான்தான் விண்ணப்பிக்கலையே."

"உக்காருங்க மேடம்."

நீங்கள் ஏற்கெனவே உட்கார்ந்துதான் இருந்தீர்கள். அவர் அதைக் கவனிக்கவில்லை. கேட்டுவிட்டால் இந்த அறையில் தனக்கிருக்கும் இடம் போய்விடுமோ என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தார். வேறு போக்கிடமும் அவருக்கு அதிகம் இல்லை.

"கடைசியா மூணு தடவை ஆய்வு விடுப்பு வந்திருக்கு. ஏன் எடுக்கல?"

"ஆள் இல்லப்பா. ஒருத்தங்களுக்குப் பிரசவம். என் வகுப்பை யார் எடுப்பாங்க?"

"அது முதல் தடவை. ரெண்டாவது?"

"அப்பவும் ஆள் இல்ல."

"மூணாவது தடவை துறைக்குப் புதுசா ரெண்டு பேரைச் சேர்த்தீங்க. உங்க விண்ணப்பத்துலயே இருக்கு."

"இருந்தாலும்..."

"ரெண்டு ஈரமானியும் கெட்டுப்போச்சா மேடம்?"

அக்கா தட்டைக் கீழே வைத்துவிட்டார். நீங்கள் சன்னலைப் பார்த்தீர்கள். பிறகு அவரைப் பார்த்துச் சொன்னீர்கள்:

"பயம்ப்பா. முழுசா ஒரு வருஷத்தைக் கையில குடுத்து, அப்பவும் அந்தப் புத்தகம் வரலைன்னா? அடுத்தவங்க வகுப்பைச் சுமந்துட்டிருந்தா புத்தகம் எங்கன்னு யாரும் கேக்க மாட்டாங்க. கைதான் தட்டுவாங்க."

"சரி," என்றார் அவர். "அடுத்த கேள்வி. எப்போ போறீங்க?"

அம்மையே! இதனால்தான் தியாகச் சுடர் என்ற விளியை அடித்தோம். கைதட்டியவர்கள் நாங்கள். எங்கள் கைதட்டலுக்குள் நீங்கள் ஒளிந்திருந்தீர்கள் என்பது எங்களுக்குத் தெரியவில்லை. அதைவிட்டு வெளியே வர உங்களுக்கு இருந்த துணிவைப் பாராட்டுகிறோம். சுமப்பதற்கு வேண்டியதைவிட அது பெரிய துணிவு.

விடுப்பில் போனீர்கள். உங்கள் முதலாண்டு வகுப்பை முற்றுப்புள்ளி எடுத்துக்கொண்டார். அந்தப் பிள்ளைகள் அவரை ஒரு சொல்லில் நிறுத்த விடவில்லை. "சார், புரியல," என்பார்கள். அவர் இன்னொரு வாக்கியம் சொல்வார். "இன்னும் புரியல சார்." ஆண்டு முடிவதற்குள் பத்தி பத்தியாகப் பேசப் பழகியிருந்தார். மாலையில் வீடு திரும்பும்போது தொண்டை கட்டியிருக்கும். அது நல்ல களைப்பு. படுத்தால் தூக்கம் வந்தது.

நீங்கள் இரண்டு இயல்களைத் தூக்கி எறிந்தீர்கள், ஒன்றைத் திரும்ப எடுத்துக்கொண்டீர்கள், புத்தகத்தை முடித்தீர்கள். காய்ந்த நிலத்தில் நீர் எப்படி நகர்கிறது என்று அறிய விரும்புவோர் இனி உங்களிடம்தான் வரவேண்டும். திரும்பி வந்து மறுபடி விண்ணப்பித்தீர்கள். பொய்க்குழுவில் இம்முறை நாங்கள் ஈவிரக்கம் காட்டவில்லை; துணைத்தலைவர் கேட்ட கேள்விகளுக்கு அக்காவே முகம் சுளித்தார். பேராசிரியர் ஆனீர்கள். புதுப் பலகை வேண்டாம் என்றதால், கதவுப் பலகையில் இருந்த 'இணை'யை அக்கா பிளேடால் சுரண்டினார். அந்த இடம் இன்னும் வெளுப்பாக இருக்கிறது. அதற்கு மேல் யாரும் வண்ணம் பூசாமல் பார்த்துக்கொள்வோம்.

சென்ற வாரம் நடந்ததையும் சொல்லி முடிக்கிறோம். உங்கள் அறையைக் காலி செய்துகொண்டிருந்தீர்கள். இளையவர் பெட்டி கட்ட உதவினார். அவருக்குப் பணி நிரந்தரமாகிவிட்டது. முதல் ஆய்வு விடுப்பும் வந்திருக்கிறது.

"விடுப்புக்கு எழுதிக் குடுத்தாச்சா?"

"அடுத்த வருஷம் பாக்கலாம் மேடம். இப்போ ஆள் இல்ல. நீங்களும் போறீங்க."

விடுப்பு என்றால் பகலிலும் வீட்டில் இருக்க வேண்டும். வீட்டில் இரண்டு நாற்காலிகள் இருக்கின்றன. அதை எங்களிடம் பிறகுதான் சொன்னார்.

நீங்கள் பெட்டியை விட்டு எழுந்தீர்கள். நடைவழியைக் கடந்து கூட்ட அறைக்குப் போனீர்கள். ஆணியிலிருந்து கோட்டை எடுத்து ஒரு கையை நுழைத்தீர்கள். இன்னொரு கை நுழைவதற்குள் அவர் பின்னாலேயே வந்துவிட்டார்.

"வேண்டாம் மேடம், கழட்டிடுங்க. எழுதிக் குடுத்துடறேன்."

சொல்லிவிட்டுச் சிரித்தார். அவர் சிரித்து நாங்கள் கேட்டு நெடுநாள் ஆகியிருந்தது. துணைத்தலைவர் என்னவோ ஏதோ என்று அறையைவிட்டு வெளியே வந்து பார்த்தார்.

"விடுப்புல என்ன பண்ணப்போற?"

"பழைய வயல். போன மாசங்களை அளக்க முடியாது. அதே பத்து மாசம் விடுப்பு வருஷத்துலயும் வரும், அதை அளக்கலாம்."

"துளைப்பானை யார் பிடிச்சுட்டு வருவாங்க?"

"பின்சீட்டுல கட்டிக்கறேன்."

விண்ணப்பம் அன்றே போய்விட்டது. நேற்று அவர் கயிறும் வாங்கிவிட்டார்.

பேராசிரியப் பெருந்தகையே! உடல் நலம் குன்றாமல், முழங்கால் முரண்டு பிடிக்காமல், இரண்டாம் புத்தகம் எங்கே என்று யாரும் கேட்காத இடத்தில் நெடுங்காலம் நிறைவாக வாழுங்கள். நாங்கள் கேட்போம். கோட்டைத் தரமாட்டோம், அது துறையின் சொத்து. இந்த மடலைச் சட்டமிட்டுத் தருகிறோம். உங்கள் வீட்டுக் கதவுக்குப் பின்னால் ஓர் ஆணி இருந்தால் அதில் மாட்டிக்கொள்ளுங்கள்.

உங்கள் கேள்விகளில் அடிபட்டுத் தேறிய,
மண்ணியல் துறை ஆசிரியர்களும் அலுவலர்களும், ஆய்வக அக்காவும்