நேர்காணலில் நான் சொன்ன சரியான விடை

அவைக்குத் தலைமையேற்றிருக்கும் படிப்பகத் தலைவர் பெரியவர் லோகநாதன் அவர்களே, துறைமுகத்தில் சுமையிறக்கிய தோள்களோடு முன்வரிசையை நிறைத்திருக்கும் ஐயாமார்களே, காசிமேட்டில் மீன்கூடையை இறக்கிவைத்த கையோடு ஓடிவந்திருக்கும் தாய்மார்களே, நாளை நேர்காணல் அறைக்குள் நுழையவிருக்கும் தம்பி தங்கைகளே! தண்டையார்பேட்டை மண்ணில் பிறந்த இந்தச் சிவந்தியின் பணிவான வணக்கம்.

பள்ளியில் பேச்சுப் பயிற்சியாளர் வேலை எனக்கு எப்படிக் கிடைத்தது, கேள்விகளுக்கு என்ன விடை சொன்னேன் என்று, அதே வேலைக்கு நேர்காணல் போகும் இந்தத் தம்பி தங்கைகளுக்குச் சொல்லச் சொன்னார் தலைவர். சொல்கிறேன்.

திக்கிப் பேசும் பிள்ளையைத் தனியறையில் பயிற்றுவிப்பாயா, வகுப்பிலேயே பயிற்றுவிப்பாயா என்று நேர்காணலில் கேட்டார்கள். வாழப்போவது தனியறையிலா? வகுப்பில்தான் என்றேன். தலையசைத்தார்கள். அந்தப் பிள்ளைக்குப் பதிலாகத் தோழி பேசினால் என்ன செய்வாய் என்றார்கள். தடுப்பேன்! தன் வாயால், தன் சொல்லால், தன் நேரத்தில் அவளே பேசட்டும் என்றேன். மறுவாரமே வேலை கிடைத்தது.

கைதட்டாதீர்கள் தம்பி. கெஞ்சிக் கேட்கிறேன், தட்டாதீர்கள்.

எட்டாம் வகுப்பில் மகிழினி என்றொரு பெண். அறிவுக்குக் குறைவில்லை, அன்புக்குக் குறைவில்லை. முதல் எழுத்துதான் தொண்டையில் நின்றுகொள்ளும். காலையில் வருகைப் பதிவேட்டில் அவள் பெயரைக் கூப்பிட்டால், பக்கத்தில் இருக்கும் ஜெஸ்லின் 'உள்ளேன் டீச்சர்' என்று குரல் கொடுப்பாள். இரண்டு ஆண்டாக அப்படித்தான் நடந்தது. அதை நான் தடுத்தேன்.

"மிஸ், அவ சொல்றதுக்குள்ள அடுத்த பேரு பூடும் மிஸ்" என்றாள் ஜெஸ்லின். அந்தச் சின்னப்பெண்ணுக்குத் தெரிந்தது, பட்டம் வாங்கிய எனக்குத் தெரியவில்லையே!

எழுபது பெயர்களைத் தலைநிமிராமல் வாசிக்கிற வகுப்பாசிரியரிடம், 'மகிழினிக்காகக் கொஞ்சம் காத்திருங்கள்' என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. மறந்தேன்! குரல் வராத பிள்ளை வராத பிள்ளையானாள். 'உங்கள் மகள் இன்று பள்ளிக்கு வரவில்லை' என்று தாயின் கைப்பேசிக்குத் தினமும் செய்தி போயிருக்கிறது. ஒரு நாளா, இரண்டு நாளா? பதினொரு நாள்!

அப்பால இன்னா ஆச்சு என்கிறார் பின்வரிசையில் ஓர் அண்ணன். கேளுங்கள்.

தாய் வரலட்சுமி மீன் விற்பவர். சீருடை போட்டுக்கொண்டு போகிற மகள் எங்கே சுற்றுகிறாள் என்று பதறினார், அதட்டினார், அடித்தார். அடிக்க அடிக்க மகளுக்குச் சொல் இன்னும் உள்ளே போனது. பன்னிரண்டாம் நாள் அவளை இறால் உரிக்கிற கொட்டகையில் கொண்டுபோய் உட்காரவைத்துவிட்டார்.

விவரம் தெரிந்து கொட்டகைக்கு ஓடினேன். தவறு முழுவதும் என்னுடையது என்று சொல்லி அழுதேன். வரலட்சுமி என்னைப் பார்க்கவில்லை, மகளைப் பார்த்தார். "நீ சொல்லு. இஸ்கூலுக்குப் போனியா, இல்லியா?"

மகிழினி வாய் திறந்தாள். "போ... போ..." உதடு நடுங்கியது, கண் நிறைந்தது. எனக்குப் பொறுக்கவில்லை. "போனாள் அக்கா, தினமும் போனாள்" என்று சொல்லிவிட்டேன்.

மகிழினி வாயை மூடிக்கொண்டாள். குனிந்து அடுத்த இறாலை எடுத்தாள்.

"நான் அவளத்தான கேட்டுகினுகீறேன்? அவ சொல்ற வரிக்கும் உன்னாலயே நிக்க முடில. அங்க எவ டீச்சர் நிப்பா?" என்றார் வரலட்சுமி.

எந்தப் பாடத்தில் இருக்கிறது அதற்கு விடை? மகிழினியைப் பள்ளிக்குத் திரும்ப அழைக்க மூன்று மாதமாகக் கொட்டகைக்குப் போகிறேன், வருகிறேன். ஜெஸ்லின் என்னோடு பேசுவதில்லை. மகிழினி என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். நம்பிக்கையோடு முடிக்க வேண்டும் என்று தலைவர் காதோடு சொன்னார். இல்லாத நம்பிக்கையை எங்கிருந்து கொண்டுவருவேன் ஐயா?

தம்பி தங்கைகளே, பிள்ளைக்குப் பதிலாகத் தோழி பேசினால் என்ன செய்வாய் என்ற அந்தக் கேள்வியை உங்களிடமும் கேட்பார்கள். நான் சொன்ன விடையையே சொல்லுங்கள், வேலை கிடைக்கும். வேலைக்குப் போன பிறகு, ஒரு பிள்ளை வாய் திறந்தால் காத்திருங்கள். மணி அடித்தாலும், ஊரே சிரித்தாலும், உங்கள் நெஞ்சே வெடித்தாலும் காத்திருங்கள்! அன்றைக்கு அந்தக் கொட்டகையில் அவள் சொல்லி முடிக்க அரை நிமிடம் போதுமாயிருந்திருக்கும். அதை நான் கொடுக்கவில்லை.

இவ்வளவு நேரம் என் பேச்சுக்குக் காத்திருந்த உங்களுக்கு நன்றி. வணக்கம்.