ஒன்பதாம் எண் டோக்கன்

நான் பேசத் தொடங்கும் முன்பே கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கிவிட்ட தலைவர் அவர்களே! மழலையர் பள்ளியின் ஆசிரியைகளே! பிள்ளைகளை மடியில் இறுக்கிப் பிடித்திருக்கும் தாய்மார்களே! பிடியை நழுவவிட்டுத் தேடிக்கொண்டிருக்கும் தந்தைமார்களே! பெரியோர்களே! வணங்குகிறேன்.

மேடையில் எதற்குக் கறுப்புக் கண்ணாடி என்று அங்கே யாரோ சிரிக்கிறீர்கள். இருங்கள், அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்!

நான் பள்ளிகளை ஆய்வு செய்யும் அதிகாரி. மூன்று வாரங்களுக்கு முன் இங்கே வந்தேன். வெறுங்கையோடா வந்தேன்? விளையாட்டு மூலையை அகற்றிவிட்டு எழுதும் மேசைகளைப் போடுக என்று பாதி எழுதிய அறிக்கையோடு வந்தேன். படிக்கும் இடத்தில் பாசாங்கா? பாடம் நடக்கும் இடத்தில் நாடகமா? அப்படித்தான் கொதித்தேன்.

மூலையில் மருத்துவமனை மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. எட்டு நோயாளிகள், அதில் ஐந்து பேர் பொம்மைகள். உள்ளே காலெடுத்து வைத்தேன். நான்கு வயது டாக்டரம்மா கையை நீட்டித் தடுத்தார்.

"டோக்கன் எங்க?"

"பாப்பா, நான் ஆபீசர்மா."

"ஆபீசரா இருந்தா என்ன? கரடி எவ்ளோ நேரமா உக்காந்திருக்கு!"

கை தட்டாதீர்கள், எனக்கு இன்னும் வெட்கமாக இருக்கிறது! டாக்டரம்மாவின் வயதே ஆன நர்ஸ் ஒருவர், நோயாளிகளை விரல்விட்டு எண்ணி, ஒன்பது என்று எழுதி நீட்டினார். கரடிக்குப் பின்னால் உட்கார்ந்தேன்.

என் முறை வந்தது. பொய்யாக ஒரு வயிற்றுவலி சொல்ல நினைத்தேன். வாயில் உண்மை வந்துவிட்டது.

"கண்ணு மங்கலா தெரியுது, டாக்டர்."

"ஊசி போடணும்."

கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன். அவர் கையில் இருந்தது பேனா மூடி! கண்புரை அறுவைக்குப் போகாமல் இரண்டு ஆண்டுகளாக என் மனைவியிடம் சாக்குப்போக்குச் சொல்லிவந்த வீரன் அல்லவா நான்?

டாக்டரம்மா என் காதருகே வந்தார். "எனக்கும் பயம்தான். அடுத்த வாரம் எனக்குக் காதுல ஆபரேஷன். அதான் கரடிக்குப் போட்டுப் போட்டுப் பழகறேன். நீங்க பத்து எண்ணுங்க, அதுக்குள்ள முடிஞ்சிடும்."

அவையோரே! நான் பாசாங்கு என்று எழுதியது அந்தப் பிள்ளைக்கு ஒத்திகை! வரிசையில் நிற்கக் கற்றது அந்த மூலையில்! எண்ணக் கற்றது அந்த மூலையில்! அடுத்தவர் வலியைக் கேட்கக் கற்றதும், தன் அச்சத்தைக் கையில் எடுத்து உருட்டிப் பார்க்கக் கற்றதும் அதே மூலையில்! எந்த மேசை தரும் இதை?

டாக்டரம்மா பத்து எண்ணிக்கொண்டே அறுவைக்குப் போய், நலமாகத் திரும்பினார். போன வாரம் நானும் போனேன். ஊசியைக் கண்டதும் உரக்க எண்ணினேன். மருத்துவர் சிரித்தார்.

"யார் சார் சொல்லிக்கொடுத்தது?"

"எங்க டாக்டரம்மா."

தெளிந்த கண்ணால் நான் முதலில் படித்தது என் பழைய அறிக்கையை. அதைக் கிழித்தேன். இன்று காலை கையெழுத்திட்ட புதிய அறிக்கையில் ஒரே பரிந்துரைதான்: இந்த மூலை போதாது, முழு அறை வேண்டும்!

அதோ, காதில் பஞ்சோடு முன்வரிசையில் இருந்து டாக்டரம்மா சைகை காட்டுகிறார். எனக்குப் பின்னால் கரடி காத்திருக்கிறதாம். பொறுமையோடு கேட்ட உங்களுக்கு நன்றி. டாக்டரம்மாவுக்கு என் முதல் வணக்கம், உங்கள் அனைவருக்கும் என் அன்பான வணக்கம்!