கரண்ட் அடித்த தகரச் சுவரும் பொறியாளர் சிவப்பிரகாசமும்

மேடையில் வீற்றிருக்கும் மின்விதித் திருத்தக் குழுத் தலைவர் திரு. கிருஷ்ணமூர்த்தி அவர்களே, அவருக்கு இருபுறமும் அமர்ந்திருக்கும் குழு உறுப்பினர்களே, மன்றத்து நிர்வாகிகளே, முன்வரிசையில் இருக்கும் அலமு அக்கா, நாற்காலி கிடைக்காமல் வாசல் வரைக்கும் நின்றுகொண்டிருக்கும் பாம்பூஃப்ளாட் குடியிருப்பு மக்களே, என் ஒயரிங் சங்கத்துத் தோழர்களே! உங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

என் பெயர் விசாலாட்சி. அந்தமான் தீவுகளின் லைசென்ஸ் பெற்ற மின் ஒப்பந்ததாரர்கள் சங்கத்தின் செயலாளர். மறைந்த மின்துறை உதவிப் பொறியாளர் சிவப்பிரகாசம் அவர்களிடம் சுனாமிக்கு முன்னாலிருந்து வேலை பார்த்தவள். வேலை பார்த்தவள் என்பதைவிடத் திட்டு வாங்கியவள் என்று சொன்னால் இன்னும் சரியாக இருக்கும்.

ஏனென்றால் எனக்கு முன்னால் பேசிய பெரியவர்கள் அவரைச் சாது என்றார்கள். அதிர்ந்து பேசமாட்டார் என்றார்கள். எல்லோரையும் அனுசரித்துப் போவார் என்று தலைவரே கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார். யாரைப் பற்றி ஐயா சொல்கிறீர்கள்? வேறு யாருக்கோ நடக்கும் இரங்கல் கூட்டத்துக்குத் தவறி வந்துவிட்டீர்களா? சிவப்பிரகாசம் சார் அனுசரித்தாரா! அவர் தமிழில் ஆரம்பித்து, கோபம் ஏறினால் ஹிந்திக்குப் போய், அதுவும் போதாமல் மறுபடி தமிழுக்கே திரும்பி வந்து திட்டுவார். ஒயரை முறுக்கி டேப் சுற்றி மறைத்திருந்தால் அந்த டேப்பைப் பிரித்து நம் கையிலேயே ஒட்டிவிடுவார். கேரம் ஆட்டத்தில் தோற்றால் காயை ஒளித்துவைத்துக்கொள்வார். மீசைக்குச் சாயம் பூசுவார், பூசுவதில்லை என்று சத்தியமும் பண்ணுவார். அவரோடு குடித்தனம் நடத்திய அலமு அக்கா சிரிக்கிறார்கள், பாருங்கள். அவர்களுக்குத் தெரியும் நான் யாரைப் பற்றிப் பேசுகிறேன் என்று.

அந்த மனிதரைத்தான் நாம் இழந்தோம். நீங்கள் வர்ணித்த சாதுவை இழந்திருந்தால் எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை.

பெருமக்களே! அவர் எதற்காக வாழ்நாளெல்லாம் கத்தினார்? அதை மேடையில் ஒருவரும் சொல்லவில்லை. நான் சொல்கிறேன்.

சுனாமிக்குப் பிறகு கச்சால் தீவு ரப்பர் தோட்டத்திலிருந்து வந்த நம் ஜனங்களைப் பாம்பூஃப்ளாட்டில் தகரக் கொட்டகைகளில் வைத்தார்கள். தகரத்தில் ஓட்டை போட்டு, குழாய் கூட இல்லாமல், அந்த ஓட்டை வழியே வெறும் ஒயரை இழுத்துவிட்டார்கள். காற்றடித்தால் தகரம் ஆடும். ஆடுகிற தகரத்தின் விளிம்பு ஒயரின் தோலை அறுக்கும். மழை பெய்தால் சுவர் முழுக்கக் கரண்ட். சிவப்பிரகாசம் சார் அங்கே முதன்முதலாகப் போனபோது நானும் கூட இருந்தேன். முனியாண்டி வீட்டு வாசலில், நம் வழக்கப்படி, செருப்பைக் கழற்றப் போனார். உள்ளேயிருந்து முனியாண்டியின் மனைவி பேச்சியம்மா அலறினார்: "அரே, சாப்! செருப்பைக் கழட்டாதீங்க! கரண்ட் அடிக்கும், செருப்போடவே வாங்க!"

உள்ளே போய்ப் பார்த்தோம். வீட்டில் எல்லோர் காலிலும் ரப்பர் செருப்பு. அடுப்படியில் செருப்பு. தொட்டிலை ஆட்டுகிறவர் காலில் செருப்பு. மூலையில் முருகன் படத்துக்கு முன்னால் விளக்கேற்றி வைத்துவிட்டு, செருப்புக் காலோடு நின்று கும்பிடுகிறார் பேச்சியம்மா. "சாமி ஒண்ணும் சொல்லாதுங்க, அதுக்கும் நிலைமை தெரியும்" என்றார். அந்தக் குடியிருப்பு முழுவதும் அப்படித்தான். ஒரு ஊரே செருப்போடு சாமி கும்பிட்டது, பெருமக்களே! சிவப்பிரகாசம் சார் அன்று யாரையும் திட்டவில்லை. படகில் திரும்பி சாத்தம் துறைக்கு வந்து சேரும் வரை வீடுகளின் கணக்கைக் குறித்துக்கொண்டே வந்தார். எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

மறுநாளே எழுதினார். ஒவ்வொரு வீட்டுக்கும் டிரிப்பர் வேண்டும், அதாவது கரண்ட் கசிந்த கணமே தானாக விழுந்து அணைந்துவிடும் அந்தச் சுவிட்ச் வேண்டும், அதை விதியிலேயே கட்டாயமாக்குங்கள் என்று எழுதினார். மேலிடத்திலிருந்து என்ன பதில் வந்தது? "விதிகள் நிரந்தரக் கட்டடங்களுக்கு மட்டுமே பொருந்தும். இவை தற்காலிகக் கொட்டகைகள்." அடடா, என்ன ஞானம்! தற்காலிக வீட்டில் தற்காலிகமாகத்தான் கரண்ட் அடிக்கும் போலிருக்கிறது. அதில் சாகிறவர்களும் தற்காலிகமாகத்தான் சாவார்கள் போலிருக்கிறது.

பேச்சியம்மா நிரந்தரமாகத்தான் செத்தார். சுவரில் கட்டியிருந்த கம்பியில் ஈரத்துணி காயப்போடப் போய், செருப்பு வார் அறுந்து கால் தரையில் பட்ட ஒரு நொடியில் செத்தார். முனியாண்டி அதோ தூணருகே நிற்கிறார். அவரை மேடைக்கு அழைக்க ஒருவருக்கும் தோன்றவில்லை. சால்வை போதவில்லையோ என்னவோ.

அதன் பிறகுதான் ஐயா இந்தக் குழு பிறந்தது. தலைவர் கிருஷ்ணமூர்த்தி அவர்கள் தலைமையில் கூடினார்கள். முந்திரிப் பருப்பும் பிஸ்கட்டும் சாப்பிட்டார்கள். கலைந்தார்கள். மறுபடி கூடினார்கள். பிஸ்கட் மாறியது, விதி மாறவில்லை. இதற்குள் நிரந்தர வீடுகளும் வந்துவிட்டன. சரி, இனியாவது ஒழுங்காக இருக்கும் என்று நினைத்தோம். அங்கே என்ன செய்தார்கள் தெரியுமா? கசிகிற கரண்ட் மண்ணுக்குள் போக ஒரு எர்த் குழி தோண்ட வேண்டும். அதில் இரும்புக் குழாயை இறக்கி, சுற்றிலும் கரியும் உப்பும் கொட்ட வேண்டும் என்பது மெயின்லாண்ட் வழக்கம். அங்கே காய்ந்த மண், உப்பு ஈரத்தைப் பிடித்து வைக்கும். நியாயம். இங்கே? கடல் ஏறிவந்து படுத்துக் கிடந்த மண். இன்றைக்கும் பெரிய கடலேற்றத்தில் தண்ணீர் வாசலுக்கு வருகிறது. அந்த மண்ணில் மூட்டை மூட்டையாக உப்பைக் கொட்டினார்கள். அந்த உப்பும் எங்கிருந்து வந்தது? மெயின்லாண்டிலிருந்து கப்பலில்! நாலு பக்கமும் கடல் சூழ்ந்த தீவுக்கு, ஏற்கெனவே உப்பில் ஊறிய மண்ணில் கொட்டுவதற்குக் கப்பலில் உப்பு! இந்த அதிசயத்தை உலகத்தில் வேறு யார் செய்வார்கள்?

வீட்டை ஒப்படைக்கும் அன்று, எர்த் வேலை செய்கிறதா என்று புதுக் குழாயில் பல்பு மாட்டிப் பார்த்தார்கள். பளிச்சென்று எரிந்தது. கைதட்டிவிட்டுப் போனார்கள். அடுத்தடுத்த மழைக்காலங்களில் உப்பு அந்தக் குழாயைத் தின்றது. சிவப்பிரகாசம் சார் என்ன செய்தார்? ஒரு குழியைத் தோண்டி, மிச்சமிருந்த குழாயைச் சாக்கில் அள்ளிக்கொண்டு நேராகக் குழுக் கூட்டத்துக்குப் போனார். மேஜைமேல் கொட்டினார். குழாய் என்று சொல்ல அதில் ஒன்றும் இல்லை, துரு, வெறும் துரு. "இந்தத் தீவுக்கு இந்த விதி ஆகாது. உப்பை நிறுத்துங்கள், செம்பு பூசிய கம்பியை இறக்குங்கள், வருடா வருடம் அளந்து பாருங்கள், எல்லா வீட்டுக்கும் டிரிப்பர் போடுங்கள்" என்றார். அவர் கேட்ட விதித் திருத்தம் மொத்தமே இவ்வளவுதான். தலைவர் அவர்கள் அன்று என்ன சொன்னார் என்று, கூடப் போயிருந்த நானே காதால் கேட்டேன். "சிவப்பிரகாசம், மேஜை அழுக்காயிடுச்சு. கியா தமாஷா ஹை யே, என்ன கூத்து இது?" என்றார்.

என்ன தலைவரே, மணியைப் பார்க்கிறீர்கள்? "மேடம், தோடா ஜல்தி, கொஞ்சம் சீக்கிரம்" என்று சைகை காட்டுகிறீர்களா? சிவப்பிரகாசம் சார் அந்தத் திருத்தத்தை உங்கள் கையில் கொடுத்துவிட்டு ஓய்வு பெறும் வரை காத்திருந்தார். ஓய்வு பெற்றும் காத்திருந்தார். எர்த் அளக்கும் மெக்கர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு சாத்தத்தில் படகு ஏறப் போன இடத்தில்தான் அவர் நெஞ்சு நின்றது. அவ்வளவு காலம் அவரைக் காக்க வைத்தவர்கள், இன்னும் கொஞ்ச நேரம் எனக்காகக் காத்திருந்தால் ஒன்றும் குறைந்துவிடாது. உட்காருங்கள்.

இந்த மன்றத்துக்குச் சிவப்பிரகாசம் அரங்கம் என்று பெயர் வைக்கப்போவதாகத் தலைவர் அறிவித்தார். நீங்கள் கைதட்டினீர்கள். எனக்குக் கை வரவில்லை. ஒரு மனிதர் உயிரோடு இருந்தபோது கேட்டதைக் கொடுக்காமல், செத்தபிறகு அவர் கேட்காததைக் கொடுப்பதற்குப் பெயர் மரியாதையா? அவர் பலகையா கேட்டார்? டிரிப்பர் கேட்டார் ஐயா, டிரிப்பர்! மாலைக்குச் செலவழித்த அக்கறையில் கொஞ்சம் அந்தத் திருத்தத்தின் மேல் காட்டியிருந்தால் அவர் இருக்கும்போதே அது விதியாகியிருக்கும். எனக்கு ஆத்திரமாக வருகிறது. அழுகையும் வருகிறது. அழுகையை வீட்டுக்குப் போய் வைத்துக்கொள்கிறேன்.

சபையோரே, வழக்கமாக இந்த இடத்தில் அன்னாரின் பணியைத் தொடர்வோம் என்று சொல்லிவிட்டு எல்லோரும் டீ குடிக்கப் போவோம். நாங்களும் தொடர்வோம். எப்படி என்பதையும் சொல்கிறேன். ஒரு கட்டடத்துக்குக் கரண்ட் இணைப்பு வேண்டுமென்றால், ஒயரிங் பத்திரமாக இருக்கிறது என்று லைசென்ஸ் உள்ள ஒப்பந்ததாரர் டெஸ்ட் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட வேண்டும். நேற்று லம்பா லைனில், சார் வீட்டில், அலமு அக்கா முன்னால் எங்கள் சங்கம் கூடி முடிவெடுத்தது. டிரிப்பரும் உப்பில்லாத எர்த்தும் உள்ள வீடு குடிசையாக இருந்தாலும் உடனே கையெழுத்துப் போடுவோம். அவை இல்லாத கட்டடம் மாளிகையாக இருந்தாலும் போடமாட்டோம். விதி கேட்கவில்லையே என்பீர்கள். விதி கேட்காது, ஏனென்றால் அது உங்களிடம் இருக்கிறது. நாங்கள் கேட்போம்.

கிருஷ்ணமூர்த்தி அவர்களே! ஹேவ்லாக் தீவில் கடற்கரை ஓரமாக நீங்கள் கட்டியிருக்கும் விடுதியைப் போன வாரம் போய்ப் பார்த்தேன். அழகான விடுதி, கரண்ட் இணைப்பு மட்டும்தான் பாக்கி. கீசர் இருக்கிறது, ஏ.சி. இருக்கிறது, வெளிநாட்டுக்காரர்கள் குளிக்க மணலிலேயே ஷவர் இருக்கிறது. டிரிப்பர் ஒரு அறையிலும் இல்லை. எர்த் குழியில் உப்பு மட்டும் தாராளமாக இருக்கிறது. திறப்பு விழா அழைப்பிதழும் எனக்கு வந்தது, நன்றி.

சங்கத் தோழர்களே, எழுந்து நில்லுங்கள். பின்னால் இருப்பவர்களும் நில்லுங்கள், தலைவருக்கு முகம் தெரியட்டும். பார்த்துக்கொள்ளுங்கள் ஐயா. போர்ட் பிளேயரிலிருந்து ஹேவ்லாக் வரை டெஸ்ட் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடக்கூடியவர்கள் இவ்வளவு பேர்தான். இவர்களில் ஒருவரும் உங்களுக்குக் கையெழுத்துப் போடப்போவதில்லை.