மத்தியான மாத்திரை

ஒரு பள்ளிக்கூடத்துக்கு எவ்வளவு வேண்டாத கடிதங்கள் வரும் என்று வெளியில் இருப்பவர்களுக்குத் தெரியாது. மகாபலேஷ்வருக்குச் சுற்றுலா அழைத்துப் போகிறவர்கள், ஸ்மார்ட் போர்டு விற்கிறவர்கள், பிள்ளைகளின் கையெழுத்தைத் திருத்தித் தருகிறேன் என்பவர்கள். எங்கள் பள்ளியில் தபாலைப் பிரித்து, பிரின்சிபால் பார்க்க வேண்டியதை மட்டும் அவர் மேஜைக்கு அனுப்புவது என் வேலை. பதினான்கு வருடமாகத் துணை முதல்வராக இருக்கிறேன். கவனக்குறைவால் ஒரு கடிதத்தைக்கூட நான் தவறவிட்டதில்லை.

வாக்குமூலத்தை மராத்தியில் எழுதச் சொன்னீர்கள், இன்ஸ்பெக்டர் மேடம். என் மராத்தி காய்கறி வாங்கப் போதும், இதற்குப் போதாது. ஆங்கிலத்தில் எழுதினால் சுற்றறிக்கை போல வந்துவிடும். தமிழிலேயே எழுதுகிறேன். மொழிபெயர்க்க ஆள் கிடைப்பார், கட்கியில் தமிழ்க் குடும்பங்களுக்குக் குறைவில்லை.

ஜூன் கடைசியில் ஷபானா என்பவரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. மகர்பட்டா பக்கம் ஒரு பள்ளியில் மாணவர்களுக்கு ஆலோசகராக இருந்தவர். ‘நிர்மல் பச்பன்’ என்ற அமைப்பு பள்ளிகளில் இலவசமாகப் போதை விழிப்புணர்வு வகுப்பு நடத்துகிறது, அதை நடத்துவது மூலஜோதி சபை, ஆனால் சபையின் பெயர் எந்தப் படிவத்திலும் இல்லை என்று எழுதியிருந்தார். எந்த மருந்தும் ஆன்மாவை அழுக்காக்கும் என்பது சபையின் கொள்கை, அதைப் போதைப் பாடத்துக்குள் வைத்துச் சொல்லிக்கொடுக்கிறார்கள், தன் பள்ளியில் ஒரு பையன் ஆஸ்துமா மருந்தைத் தூக்கிப் போட்டுவிட்டான், அனுமதி கொடுக்கும் முன் தயவுசெய்து விசாரியுங்கள். இரண்டே பக்கம், நல்ல கடிதம்.

அதில் ஒரு வரிகூடப் பொய் இல்லை. ஒன்பது வருடமாக நான் அந்தச் சபையில் இருக்கிறேன், அதனால் சொல்கிறேன்.

என் கணவர் வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். குடித்தார். எத்தனையோ மருத்துவர்களால் முடியாததைச் சபை மூன்றே மாதத்தில் செய்தது. குடியை விட்டார். அடுத்த வருடம் சர்க்கரை மாத்திரையையும் விட்டார். இப்போது அவர் இல்லை. ஆனால் கடைசிவரை ஒரு சொட்டு தொடவில்லை. இதை அறிந்த ஒருத்தி அந்த நன்மையைத் தன் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொடுக்காமல் எப்படி இருப்பாள்?

வகுப்பு எடுக்க வந்தவர் பத்ரி. கராடியில் மென்பொருள் வேலையை விட்டுவிட்டுச் சபைக்கு வந்தவர். “பாமாக்கா, சபை பேரச் சொன்னா கேட்லயே நிறுத்திடுவாங்க. நல்லது முதல்ல உள்ள போகட்டும், பேரு அப்புறம் வரட்டும்,” என்றார். அது எனக்கு நியாயமாகவே பட்டது.

ஷபானாவின் கடிதத்தைப் பிரின்சிபாலுக்கு அனுப்பவில்லை. அதில் இருந்த எண்ணுக்குப் போன் செய்து, கவலைப்படுகிற ஆசிரியையாகப் பேசினேன். வேறு எந்தப் பள்ளிகளுக்கு எழுதியிருக்கிறார், என்ன ஆதாரம் வைத்திருக்கிறார் என்று எல்லாவற்றையும் சொன்னார். யாரோ ஒருவராவது காதுகொடுத்துக் கேட்கிறீர்களே என்று இரண்டு முறை நன்றி சொன்னார். மறுநாள் அவருடைய பள்ளி நிர்வாகத்துக்குப் பெயரில்லாமல் ஒரு மின்னஞ்சல் அனுப்பினேன். உங்கள் ஆலோசகர் ஊரில் உள்ள போதை ஒழிப்பு வேலையை எல்லாம் தடுத்துக்கொண்டிருக்கிறார், அவருக்கு அதில் என்ன அக்கறை என்று யோசியுங்கள், முதலில் அவர் பெயரைப் பாருங்கள் என்று எழுதினேன். வேறெதுவும் எழுதவில்லை. அந்த மாதமே அவரை நிறுத்திவிட்டார்கள். பெயரைப் பார்த்தது அவர்கள். நான் பார்க்கத்தான் சொன்னேன்.

ஜூலையில் வகுப்புகள் தொடங்கின. பிள்ளைகள் ஆசையாக உட்கார்ந்து கேட்டார்கள். பத்ரியின் இரண்டாவது வகுப்பு முடிந்ததும் எட்டாவது படிக்கும் ஹர்ஷா என் அறைக்கு வந்தாள். அப்பாவுக்குச் சாகண் தொழிற்பேட்டையில் வேலை, அம்மா மல்லிகா வீட்டில் தையல். வீட்டில் பேசுகிற தமிழ்தான் அவளுக்குத் தெரிந்த தமிழ்; மாத்திரையைக் கோலி என்பாள், அண்ணனைப் பையா என்பாள். அவளுக்கு வலிப்பு நோய் இருந்தது. காலையும் இரவும் அம்மா மாத்திரை கொடுப்பார், மத்தியான மாத்திரையை நான் கொடுத்துப் பதிவேட்டில் டிக் போட வேண்டும். அப்படியொரு ஏற்பாடு.

“மிஸ், நான் டெய்லி சாப்பிடற கோலி இருக்குல்ல... அதுவும் டிரக் தானே?”

இல்லை என்று சொல்லியிருந்தால் போயிருப்பாள். “நீ என்ன நினைக்கிற?” என்று கேட்டேன்.

“பத்ரி பையா சொன்னாரு, பாடிக்குள்ள போற கெமிக்கல் எல்லாம் அடிமையாக்கும்னு. எனக்கு அது இல்லாம இருக்க முடியல. அப்போ நான் அடிக்ட் தானே மிஸ்?”

அவள் கண் கலங்கியிருந்தது. எந்த மருந்தும் தொடாத இருபத்தொரு நாள் சுத்த விரதம் என்று ஒன்று இருக்கிறது, தைரியமானவர்கள் எடுப்பார்கள் என்று சொன்னேன். வற்புறுத்தவில்லை. அவளே எடுத்தாள். அம்மாவுக்குத் தெரிந்தால் திட்டுவாள் என்று பயந்தாள். நாக்குக்கு அடியில் வைத்திருந்து, அம்மா நகர்ந்ததும் துப்பிவிடு என்று சொல்லிக்கொடுத்தேன். யாராவது சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தது.

மத்தியானம் அவள் என் அறைக்கு வருவாள். நான் மாத்திரையை எடுத்து அலமாரியில் ஒரு டப்பாவில் போடுவேன், அவள் சிரித்துவிட்டுப் போவாள். குப்பையில் போடவில்லை. சின்னப் பிள்ளைகள் கையில் கிடைத்தால் ஆபத்து. பதிவேட்டில் ஒவ்வொரு திங்களும் அந்த வாரம் முழுவதற்கும் முன்கூட்டியே டிக் போட்டுவிடுவேன். தினமும் பொய் எழுதுவது எனக்குப் பிடிக்காது.

ஒன்பதாம் நாள் வகுப்பில் சில நொடி அப்படியே வெறித்துப் பார்த்தபடி நின்றாள் என்று ஆசிரியை சொன்னார். நான் கவனித்துக்கொள்கிறேன் என்றேன். பதினைந்தாம் நாள் ஹர்ஷாவே வந்து, “மிஸ், கை தானா துள்ளுது, பயமா இருக்கு, ஒரே ஒரு கோலி போட்டுக்கவா?” என்று கேட்டாள். டப்பா என் பின்னால்தான் இருந்தது. “இவ்வளவு தூரம் வந்துட்டு விடறியா?” என்று கேட்டேன். இல்லை என்று தலையை ஆட்டிவிட்டு வகுப்புக்குப் போனாள்.

இருபத்தொன்றாம் நாள்தான் போதை ஒழிப்பு உறுதிமொழி விழா. நாங்கள் ஆகஸ்டில் அந்தத் தேதியைக் குறித்தது அவளுக்காகத்தான். மேடையில் மைக் முன்னால் நின்று, “என் உடம்பு என் கோயில்” என்று சொல்லும்போதே விழுந்தாள். பி.டி. மாஸ்டர் தினேஷ் ஓடிவந்து 108-ஐக் கூப்பிடப் போனார். அவர் கையைப் பிடித்து நிறுத்தி, வேண்டாம், இவளுக்கு அடிக்கடி வருவதுதான், அம்மாவிடம் பேசிக்கொண்டிருக்கிறேன், அவர் சொல்கிறபடி செய்வோம் என்றேன். போனைக் காதில் வைத்துக்கொண்டே நின்றேன். மறுமுனையில் யாரும் இல்லை. நான் யாருக்கும் போன் செய்யவில்லை என்பது நீங்கள் வாங்கிய போன் பதிவிலேயே இருக்கும்.

வலிப்பு நிற்கவில்லை. ஆறு நிமிடம், எட்டு நிமிடம். பிள்ளைகள் அழுதார்கள். பத்ரி என் காதருகே குனிந்து, “விஷம் இறங்குது அக்கா, தடுக்காதீங்க,” என்றார். சொல்லிவிட்டு இரண்டடி பின்னால் போனார். நான் நகரவில்லை. பதினோராவது நிமிடம் தினேஷ் என்னைத் தள்ளிவிட்டு அவளைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு ஓடினார். கிடைத்த ரிக்‌ஷாவில் ஏற்றினார். மருத்துவமனை வாசலில் ஹர்ஷா இறந்துவிட்டாள்.

மருத்துவமனையில் மல்லிகா ஓடிவந்து என் கையைப் பிடித்தார். “மத்தியான மாத்திரை குடுத்தீகள்ல மிஸ்?”

“குடுத்தேன்.”

“அப்ப நாந்தேன்... இந்த மாசம் கடையில வேற கம்பெனி மாத்திரைய வாங்கிட்டேன். நாந்தேன் எம்பிள்ளையக் கொன்னுட்டேன்.”

தலையில் அடித்துக்கொண்டார். அந்தக் கையைப் பிடித்து வைத்துக்கொண்டேன். வெகுநேரம் பிடித்திருந்தேன்.

மூன்று வாரம் கழித்துப் பள்ளிக்கு வந்தார். மாத்திரை ஒழுங்காகக் கொடுத்தீர்களா என்று டாக்டர் திரும்பத் திரும்பக் கேட்கிறார், பதிவேட்டைப் பார்க்க வேண்டும் என்றார். எடுத்துக் கொடுத்தேன். மறுத்தால்தானே சந்தேகம் வரும். விரலை வைத்து வரிவரியாகப் பார்த்துக்கொண்டே வந்தவர் ஒரு இடத்தில் நின்றார்.

“ஜூலை இருபத்தஞ்சாந் தேதி டிக் போட்டிருக்கீக.”

“ஆமா.”

“அன்னைக்கி மழைக்கு லீவு விட்டாக மிஸ். பிள்ள என்கூடல்ல இருந்தா. பஜ்ஜி போட்டுக் குடுத்தேன்.”

அவர் கத்தவில்லை. பதிவேட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டு, “கஷ்டமா இருந்தா எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல. மத்தியானம் மத்தியானம் நானே வந்து குடுத்துட்டுப் போயிருப்பேன்ல,” என்றார். குடிக்கத் தண்ணீர் கொடுத்தேன். தொடாமல் எழுந்து உங்களிடம் வந்துவிட்டார். என் அலமாரியில் டப்பாவை நீங்கள் எடுத்தபோது அதில் பதினாறு மாத்திரை இருந்தது. மூன்று ஞாயிறும் மழை லீவும் விழா நாளும் போகச் சரியான கணக்குதான்.

ஆகவே, எல்லாம் நான் தெரிந்தே செய்தது. கடிதத்தை மறைத்தது, ஷபானாவின் வேலையைப் போக்கியது, மாத்திரையை நிறுத்தியது, ஆம்புலன்ஸைத் தடுத்தது. பத்ரியை விட்டுவிடுங்கள், அவர் பேச மட்டும்தான் செய்தார். இதைப் பெரிய குற்றம் என்று சட்டம் சொல்லும். சொல்லட்டும்.

ஒரே ஒரு வேண்டுகோள். நேற்று உங்கள் மேஜையில் பிரேதப் பரிசோதனையில் எடுத்த ரத்தத்தின் அறிக்கை இருந்தது. தலைகீழாக இருந்தாலும் ஆசிரியர்களுக்குப் படிக்க வந்துவிடும். ஹர்ஷாவின் ரத்தத்தில் எந்த மருந்தின் சுவடும் இல்லை என்று போட்டிருந்தது. அந்தப் பக்கத்துக்கு ஒரு நகல் எடுத்து மல்லிகாவிடம் கொடுங்கள். தன் மகள் எவ்வளவு சுத்தமாகப் போயிருக்கிறாள் என்று தெரிந்தால் அந்தத் தாய்க்கு ஆறுதலாக இருக்கும்.